தங்குவது எது, விழுவது எது? – வாசகர் கேள்விகள்

(வானவெளி குறித்து வாசகர்கள் கேட்கும் கேள்விகளுக்கு, நாகர்கோவிலில் கல்லூரி இயற்பியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் இப்பகுதியில் பதில் எழுதுகிறார்.)

சென்ற இதழில் ஆதித்யா-எல்1 பற்றி எழுதும்போது, 'பூமியைச் சுற்றியுள்ள கதிர்வீச்சுப் பட்டைகளைத் தாண்டி அது சூரியனை நோக்கிப் போனது' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். பூமியின் காந்தப்புலத்தில் சிக்கிய மின்துகள்கள் உலவும் அந்தப் பட்டைகளுக்குத்தான் வான் ஆலன் பட்டைகள் என்று பெயர். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு மாவட்டத்தின் நாலா பக்கமிருந்தும் கடிதங்கள் வந்துவிட்டன. மகிழ்ச்சியாக இருக்கிறது. இந்த இதழ் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிடுகிறேன்.

கேள்வி: வான் ஆலன் பட்டைகளை முதன்முதலில் எப்படிக் கண்டுபிடித்தார்கள், டீச்சர்? கண்ணுக்கே தெரியாத ஒன்று அங்கே இருக்கிறது என்று யாருக்குத் தோன்றியது?
– பிளஸ் டூ மாணவி, கருங்கல்

யாருக்கும் தோன்றவில்லை, மகளே. தேடிப் போனது வேறு, கிடைத்தது வேறு. 1958 ஜனவரி 31 இரவு அமெரிக்கா எக்ஸ்ப்ளோரர் 1 செயற்கைக்கோளை ஏவியது. அயோவா பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் வான் ஆலன், அதற்குள் ஒரு கைகர் எண்ணியை வைத்து அனுப்பினார். அண்டவெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை எண்ணுவதுதான் நோக்கம். நொடிக்கு 30 துகள் போல வரும் என்று எதிர்பார்த்தார்கள். சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் அப்படித்தான் வந்தது. தென் அமெரிக்காவின் மேலே 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால் போனபோதோ கருவி பூஜ்யம் காட்டியது.

இந்தப் பூஜ்யத்தைப் புரிந்துகொள்ள எண்ணியின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். நான் வேலை பார்த்த கல்லூரி ஆய்வகத்தில் ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் மணவாளக்குறிச்சி மணல் வைத்திருந்தோம். கரிய இல்மனைட் மணிகளுக்கு நடுவே தேன் நிறத்தில், கதிர்வீசும் மோனசைட் மணிகள் மின்னும். குப்பியைக் கைகர் குழாயின் அருகே கொண்டுபோனால், ஓய்ந்து ஓய்ந்து வந்துகொண்டிருந்த 'டிக்' ஒலி படபடவென்று பொரியத் தொடங்கும். ஒவ்வொரு 'டிக்'கும் குழாயிலுள்ள வாயுவில் ஏற்படும் ஒரு மின்னிறக்கம். அது அடங்கிக் குழாய் மீண்டும் தயாராவதற்குச் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நொடி பிடிக்கும். அதற்குள் அடுத்த துகளும் அதற்கடுத்த துகளும் வந்து விழுந்துகொண்டே இருந்தால் மின்துடிப்புகள் சிறுத்துப்போகும். எண்ணும் சுற்று அவற்றைக் கணக்கில் எடுக்காது. துகள்கள் மிதமிஞ்சி வந்தாலும் கருவி பூஜ்யம் காட்டும்.

வான் ஆலனின் மாணவர் கார்ல் மக்இல்வெய்ன், அதே வகை எண்ணியை வலுவான எக்ஸ் கதிரின் முன்னால் வைத்துப் பார்த்து இதை உறுதி செய்தார். மார்ச் 26 அன்று போன எக்ஸ்ப்ளோரர் 3 இல் நாடாப் பதிவுக் கருவி இருந்ததால், சுற்றுப்பாதை முழுவதற்கும் தரவு கிடைத்தது. மே 1 அன்று செய்தியை உலகுக்கு அறிவித்தார்கள். சோவியத் விஞ்ஞானி செர்கேய் வெர்னோவின் எண்ணி 1957 நவம்பரிலேயே ஸ்புட்னிக் 2 இல் பறந்திருந்தது என்பதையும் சேர்த்துப் படி. தன் நாட்டு நிலப்பரப்பின் மேல் அது தாழப் பறந்த நேரத்துத் தரவு மட்டுமே அவர் கைக்கு வந்தது. அந்த மனிதருக்குக் கிடைக்க வேண்டிய பெருமை குறைந்துபோனதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

பட்டைகள் இரண்டு. உட்பட்டை சுமார் 1,000 கிலோமீட்டர் உயரத்தில் தொடங்கும். ஆற்றல் மிக்க புரோட்டான்களும் எலக்ட்ரான்களும் அதில் இருக்கும். வெளிப்பட்டை பல பத்தாயிரம் கிலோமீட்டர் வரை விரியும். அது பெரும்பாலும் எலக்ட்ரான்களின் இடம். உட்பட்டை நிதானமானது. வெளிப்பட்டை சூரியனின் சீற்றத்துக்கு ஏற்ப ஒரே நாளில் ஆயிரம் மடங்கு பெருகவும் செய்யும், வற்றவும் செய்யும்.

கேள்வி: எங்கள் கடற்கரை மண்ணில் இயற்கையாகவே கதிர்வீச்சு உண்டு என்கிறார்கள். வானத்துப் பட்டையும் தலைக்கு மேலே இருக்கிறதென்றால், அதுவும் எங்கள் மேல் விழுகிறதா?
– இல்லத்தரசி, மணவாளக்குறிச்சி

இல்லை, அம்மா. மண்ணிலிருந்து வருவது மோனசைட்டில் உள்ள தோரியமும் அதன் வழித்தோன்றல்களும் விடும் கதிர். வானத்துப் பட்டைக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. பட்டையிலிருந்து நழுவும் எலக்ட்ரான்கள் உலகின் எந்த மூலையிலும் தரையைத் தொடுவதில்லை. பெரும்பாலானவை 60 முதல் 100 கிலோமீட்டர் உயரத்திலேயே காற்றில் மோதி ஆற்றலை இழந்துவிடும்.

இன்னொரு விஷயமும் உண்டு; நம் மாவட்டத்துக்கே உரிய விஷயம் அது. மேலும் கீழும் ஆடக்கூடிய ஒரு காந்த ஊசியை நாகர்கோவிலில் தொங்கவிட்டால் ஏறக்குறையப் படுத்த வாக்கில் நிற்கும். டெல்லியில் அதே ஊசியின் முனை நன்றாகக் கீழே சாயும். பூமியின் காந்த நடுக்கோடு நம்மை ஒட்டியே செல்வதுதான் காரணம். 1963 நவம்பர் 21 அன்று நாட்டின் முதல் ஆய்வு ராக்கெட்டை ஏவத் திருவனந்தபுரம் அருகே உள்ள தும்பாவைத் தேர்ந்தெடுத்ததும் இதற்காகவே. எலக்ட்ரான்கள் காந்தக் கோடுகளின் வழியேதான் பயணம் செய்யும். வெளிப்பட்டையின் கோடுகள் நம் தலைக்கு மிக உயரே வளைந்து சென்று, நார்வே, கனடா, அண்டார்டிகா போன்ற இடங்களில்தான் தரையிறங்குகின்றன. ஆகவே பட்டை இருப்பது நமக்கு மேலே; அதிலிருந்து உதிர்வது அவர்கள் வானத்தில்.

கேள்வி: சிறைப்பட்ட எலக்ட்ரான், விழும் எலக்ட்ரான் என்று இரண்டு வகை சொல்கிறார்கள். இரண்டும் எலக்ட்ரான்தானே? செயற்கைக்கோளில் இருக்கும் கருவி எப்படி இனம் பிரிக்கும்? பிரிப்பதால் என்ன பயன்?
– பொறியியல் மாணவர், தக்கலை

தம்பி, இந்த மாதத்துக் கடிதங்களில் என் மனத்துக்கு மிகவும் பிடித்த கேள்வி உங்களுடையது. விரிவாகவே எழுதுகிறேன்.

எலக்ட்ரானில் வகை எதுவும் இல்லை. அது போகும் திசையில்தான் எல்லாம் இருக்கிறது. எலக்ட்ரான் காந்தக் கோட்டைச் சுற்றிச் சுருளாக முன்னேறும். ஈத்தாமொழிப் பக்கம் கயிறு திரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். முறுக்கு ஏற ஏறப் புரிகள் நெருங்கும், கயிற்றின் நீளம் குறையும். எலக்ட்ரானின் சுருளும் அப்படித்தான்: துருவத்தை நெருங்கும்போது காந்தப்புலம் வலுக்கிறது, சுருள் நெருங்குகிறது, முன்னேற்றம் குறைகிறது, ஓரிடத்தில் நின்று வந்த வழியே திரும்புகிறது. வடக்கே ஒரு திருப்பம், தெற்கே ஒரு திருப்பம். ஒரு மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எலக்ட்ரான் வெளிப்பட்டையில் இந்தப் போக்குவரத்தை அரை நொடிக்கும் குறைவான நேரத்தில் முடித்துவிடும். அதோடு மெல்லக் கிழக்கு நோக்கி நகர்ந்து, சுமார் கால் மணி நேரத்தில் பூமியையே ஒருமுறை சுற்றி வந்துவிடும்.

திரும்பும் இடம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதே கேள்வி. காற்று மண்டலத்துக்கு மேலேயே திரும்பிவிட்டால் அது சிறைப்பட்ட எலக்ட்ரான். நாள் கணக்கில், மாதக் கணக்கில் கூட உலவும். காந்தக் கோட்டோடு ஒட்டிய திசையில் அது போனால், திரும்பும் புள்ளி 100 கிலோமீட்டருக்கும் கீழே போய்விடும். காற்றில் மோதி ஒழியும். இந்த ஆபத்தான திசைகள் எல்லாம் சேர்ந்து கோட்டைச் சுற்றி ஒரு கூம்பாக அமைகின்றன. இழப்புக் கூம்பு என்று அதைச் சொல்வோம். விழும் எலக்ட்ரான் என்றால் இந்தக் கூம்புக்குள் இருப்பது. அவ்வளவுதான்.

சொல்ல எளிது, அளக்கக் கடினம். பட்டையின் நடுவே, காந்த நடுக்கோட்டுத் தளத்தில், இந்தக் கூம்பின் அரைக்கோணம் 5 டிகிரி அளவே இருக்கும். 2012 ஆகஸ்ட் 30 அன்று நாசா ஏவிய வான் ஆலன் இரட்டை விண்கலங்கள் அந்தத் தளத்தை ஒட்டித்தான் சுற்றின. இரண்டாண்டுக்கென்று போனவை 2019 வரை உழைத்தன. போன சில நாட்களிலேயே மூன்றாவது பட்டை ஒன்று தற்காலிகமாக உருவாகிச் சில வாரங்கள் நீடித்ததைக் கண்டுபிடித்தன. சிறைப்பட்ட கூட்டத்தைப் பற்றி அவை சொல்லாதது இல்லை. ஆனால் அவ்வளவு குறுகிய கூம்புக்குள் இருப்பதை மட்டும் தனியாகப் பிரித்து எண்ண அவற்றின் உணரிகளால் இயலவில்லை.

தாழப் பறந்தால் நிலைமை மாறுகிறது. 450 கிலோமீட்டர் உயரத்தில் அதே கூம்பு 65 டிகிரிக்கும் மேல் விரிந்துவிடும். உள்ளே எட்டிப் பார்ப்பது எளிது. ஆனால் சிறைப்பட்டவற்றில் அவ்வளவு கீழே இறங்கி வரும் சிறு பங்கு மட்டும்தான் அங்கே தெரியும். எனவே மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு கண்களும் வேண்டும். ஒரு கண்ணால் பார்த்துவிட்டு முழுக் கதையும் தெரிந்ததாகச் சொல்வதை நான் ஏற்பதில்லை.

கீழிருந்து பார்த்த கண்களில் நெடுங்காலம் உழைத்தவை அமெரிக்காவின் என்ஓஏஏ வானிலைச் செயற்கைக்கோள்கள். சுமார் 850 கிலோமீட்டர் உயரத்தில் துருவத்திலிருந்து துருவத்துக்குச் சுற்றிய இவற்றில், சிலிக்கான் உணரி வைத்த சிறு குழாய்கள் இருந்தன. ஒன்று நேர் மேலே பார்க்கும்; 0 டிகிரிக் குழாய் என்று பெயர். மற்றொன்று அதற்குச் செங்குத்தாகப் பக்கவாட்டில் பார்க்கும். அது 90 டிகிரிக் குழாய். வட நாடுகளின் மேலே காந்தக் கோடு ஏறக்குறையச் செங்குத்தாக இறங்குவதால், மேலே பார்க்கும் குழாயில் நுழைவது விழும் எலக்ட்ரான். பக்கவாட்டுக் குழாயில் நுழைவது பெரும்பாலும் சிறைப்பட்டது. அதே செயற்கைக்கோள் கன்னியாகுமரிக்கு மேல் வரும்போது கணக்கு மாறிவிடும். இங்கே காந்தக் கோடு படுத்துக் கிடக்கிறது. மேலே பார்க்கும் குழாய் கோட்டுக்குக் குறுக்கே பார்க்கிறது. அதில் நுழைவது சிறைப்பட்ட துகள். கருவியின் பெயரை மட்டும் பார்த்துத் தரவைப் படிப்பவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள்.

இந்தக் குழாய்களுக்குக் குறையும் உண்டு. 30 டிகிரி அகலமே பார்ப்பதால் அகன்ற கூம்பு முழுவதையும் மேல் குழாய் பார்ப்பதில்லை. ஓரத்தில் விழுபவை விடுபட்டுப்போகும். புரோட்டான்களும் உள்ளே நுழைந்து எலக்ட்ரான் கணக்கைக் கூட்டிக் காட்டும். கழித்துத்தான் எடுக்க வேண்டும்.

இந்தக் குறையை அழகாகத் தீர்த்தது எல்ஃபின். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் உங்கள் வயது மாணவர்கள் கைவைத்துக் கட்டிய இரண்டு சிறு செயற்கைக்கோள்கள். 2018 செப்டம்பர் 15 அன்று போய், 2022 செப்டம்பர் வரை உழைத்தன. ஏறக்குறைய 3 நொடிக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும்படி அவற்றை அமைத்தார்கள். ஒரே உணரி, ஒரு சுற்றுக்குள், மேலிருந்து விழுபவை, குறுக்கே திரும்புபவை, காற்றில் பட்டு மேல்நோக்கித் தெறிப்பவை என்று எல்லாத் திசையையும் வரிசையாகப் பார்த்துவிடும். விழுவதற்கும் தங்குவதற்கும் உள்ள விகிதம் 50 கிலோ எலக்ட்ரான் வோல்ட் முதல் சில மெகா எலக்ட்ரான் வோல்ட் வரை ஆற்றல்வாரியாகக் கிடைத்தது. அதே உணரி என்பதால் இரு கருவிகளின் வேறுபாடு என்ற சந்தேகமும் இல்லை. பெரிய பணம் இல்லாமல், சரியான கேள்வியோடு செய்த வேலை இது. மனதாரப் பாராட்டுகிறேன்.

பயன் என்ன என்று கேட்டீர்கள். சூரியனின் சீற்றத்தால் பூமியின் காந்தப்புலம் கலங்குவதைக் காந்தப் புயல் என்கிறோம். அது தொடங்கியதும் வெளிப்பட்டை சில மணி நேரத்தில் காலியாகிவிடுவது உண்டு. அந்த எலக்ட்ரான்கள் எங்கே போயின? கீழே காற்றில் விழுந்திருக்கலாம். அல்லது சூரியக் காற்று பூமியின் காந்தக் கூட்டை நசுக்கியபோது வெளியே தப்பியிருக்கலாம். நடுவில் நின்று எண்ணுபவருக்கு இரண்டும் ஒரே குறைவுதான். விழுவதைத் தனியாக எண்ணினால் மட்டுமே விடை கிடைக்கும். விழுந்தவையானால் பின்விளைவும் உண்டு: அவை மேல் காற்றில் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் ஹைட்ரஜன் ஆக்சைடுகளையும் உண்டாக்கும், துருவப் பகுதியில் 60, 80 கிலோமீட்டர் உயரத்து ஓசோன் அதனால் குறைகிறது.

இன்னும் ஒன்று. இன்றைக்கு நம் தலைக்கு மேல் தங்கியிருக்கும் எலக்ட்ரான், கிழக்கே நகர்ந்து தென் அட்லாண்டிக் கடலுக்கு மேல் போகும்போது விழுந்துவிடலாம். அங்கே காந்தப்புலம் பலவீனம். திரும்பும் புள்ளி இன்னும் கீழே இறங்கிவிடும். ஆகவே இங்கே அளந்து 'சிறைப்பட்டது' என்று எழுதுமுன், அது முழுச் சுற்றையும் தாங்குமா என்றும் கணக்குப் பார்க்க வேண்டும்.

கேள்வி: இரவில் தெற்கு வள்ளியூர்ப் பக்கம் போகும்போது விஜயநாராயணம் கோபுரங்களின் சிவப்பு விளக்குகள் தெரிகின்றன. அந்த ரேடியோ அலைகள் வானத்து எலக்ட்ரான்களைத் தொடுமா?
– லாரி ஓட்டுநர், ஆரல்வாய்மொழி

நல்ல கண் உங்களுக்கு. கடற்படையின் அந்தக் கோபுரங்கள் 471 மீட்டர் உயரம். நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்ப, மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலைகள் அங்கிருந்து புறப்படுகின்றன. இத்தகைய அலைகள் விண்வெளி வரை கசிந்து எலக்ட்ரானின் திசையைத் திருப்பக்கூடியவை என்பது உண்மை. ஆஸ்திரேலியாவின் வடமேற்கு முனை நிலையம் 19.8 கிலோஹெர்ட்சில் ஒலிபரப்பும் அலை, உட்பட்டை எலக்ட்ரான்களைக் கூம்பின் பக்கம் தள்ளுவதை 2004 முதல் 2010 வரை இயங்கிய பிரெஞ்சுச் செயற்கைக்கோள் டெமெட்டர் தெளிவாகப் பதிவு செய்தது. மின்னலும் இதே வேலையைச் செய்யும். நம் ஊர் நிலையம் காந்த நடுக்கோட்டை ஒட்டியிருப்பதால், அதன் அலை கோடுகளின் வழியே பட்டைக்கு ஏறிச் செல்ல வசதி குறைவு.

கேள்வி: நாங்கள் ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கிச் சுறா பிடிப்பவர்கள். ஜி.பி.எஸ். தான் எங்களுக்கு வழி. இந்தப் பட்டைகளால் அதற்குக் கெடுதல் வருமா, டீச்சர்?
– விசைப்படகு ஓட்டுநர், தூத்தூர்

ஓக்கி அடித்த 2017 நவம்பர் 30 ஐ நம் மாவட்டம் மறக்காது. கடலில் இருப்பவருக்கு வானத்திலிருந்து வரும் செய்தி உயிருக்குச் சமம் என்பதால், கவனமாகவே பதில் சொல்கிறேன்.

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில், வெளிப்பட்டையின் நடுவிலேயே பறக்கின்றன. வழிகாட்டுவதற்கென்று நம் நாடு ஏவிய நாவிக் செயற்கைக்கோள்களும், 36,000 கிலோமீட்டரில் நின்று நமக்கு எச்சரிக்கை அனுப்புபவையும் அந்தப் பட்டையின் விளிம்பில் இருக்கின்றன. ஆற்றல் மிக்க எலக்ட்ரான்கள் கலத்தின் தோலைத் துளைத்து, உள்ளே வயர்களின் உறையிலும் மின்பலகையிலும் தேங்கும். தேங்கியது ஒரு நாள் மின்பொறியாக வெடித்தால் சுற்று பழுதாகும். 1994 ஜனவரி 20 அன்று கனடாவின் அனிக் இ1, அனிக் இ2 இரண்டும் இப்படித்தான் சில மணி நேர இடைவெளியில் நிலைகுலைந்தன. இதையெல்லாம் தெரிந்தே இன்று கட்டுகிறார்கள்: தடித்த கவசம், மாற்றுச் சுற்று, ஒன்று போனால் மற்றொன்று என்று பல கலங்கள். ஆகவே பட்டையால் உங்கள் கருவி திடீரென்று ஊமையாகிவிடும் என்று அஞ்ச வேண்டாம்.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. சூரியன் மறைந்த பிறகு, காந்த நடுக்கோட்டை ஒட்டிய நம் கடலின் மேல், சில நூறு கிலோமீட்டர் உயரத்து அயனி மண்டலத்தில் குமிழ்கள் எழும். அவற்றின் வழியே வரும் ஜி.பி.எஸ். சமிக்ஞை நடுங்கும், இடம் தப்பிக் காட்டும், சில நிமிடங்கள் அறுந்தும் போகும். சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும் ஆண்டுகளில், மார்ச்–ஏப்ரல், செப்டம்பர்–அக்டோபர் மாத இரவுகளில் இது அதிகம். அந்த நேரத்தில் திரையை மட்டும் நம்பிப் பாறைப் பக்கம் படகைத் திருப்பாதீர்கள், திசைகாட்டியையும் பாருங்கள்.

கேள்வி: நாகர்கோவிலில் இருந்துகொண்டே இந்தத் துறையில் ஏதாவது செய்ய முடியுமா?
– முதுகலை இயற்பியல் மாணவி, வடசேரி

முடியும். இஸ்ரோ தலைவர் பொறுப்புக்கு உயர்ந்த சிவனும் நாராயணனும் பிறந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு இந்தச் சந்தேகம் வேண்டாம். திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. துறைத் தலைவர் மூலம் எழுதி அனுமதி பெற்று ஒருமுறை நேரில் பார்த்து வா. ஆதித்யா-எல்1 இல் உள்ள ஸ்டெப்ஸ் கருவி 2023 செப்டம்பர் 10 அன்று, பூமியிலிருந்து 50,000 கிலோமீட்டருக்கு அப்பாலேயே துகள்களை அளக்கத் தொடங்கியது. அதிலுள்ள ஆறு உணரிகளும் வெவ்வேறு திசையைப் பார்க்கின்றன. ஏன் என்று தக்கலைத் தம்பிக்கு எழுதிய பதிலில் இருக்கிறது.

அதுவரை ஒரு பயிற்சி. என்ஓஏஏ செயற்கைக்கோள்களின் பழைய தரவு யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி இருக்கிறது. 2024 மே 10, 11, 12 ஆகிய மூன்று நாட்களை எடு. லடாக்கின் ஹான்லே வானத்திலேயே சிவப்பொளி தெரிந்த அந்தப் பெரும் காந்தப் புயலின் நாட்கள் அவை. காந்த அட்சரேகை 55 முதல் 70 வரை உள்ள பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, 0 டிகிரிக் குழாயின் எண்ணிக்கையை 90 டிகிரிக் குழாயின் எண்ணிக்கையால் வகுத்து, நேரத்துக்கு எதிரே வரை. புயலுக்கு முந்தைய வாரத்துக்கும் அப்படியே ஒரு படம் வரை. விகிதம் எந்த மணி நேரத்தில் ஒன்றை நெருங்குகிறது என்று குறித்து, இரண்டு படங்களையும் எனக்கு அனுப்பு. வரும் இதழில் அவற்றை வைத்தே பேசலாம்.